அதிக வரி கட்டிய ஏழை ஊர்

அவையோருக்கு வணக்கம். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் சொத்து வரி ஏன் ஒன்றுபோல் இல்லை என்று பேசச் சொன்னார்கள். ஒரே நகர்ப்புறத்தில் உள்ள இரண்டு ஊர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த இரண்டின் கணக்கைப் படித்த நாளிலிருந்து அது என்னை விடவே இல்லை.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம். அங்கே சான் அன்டோனியோ நகரம். அதன் மேற்குப் பக்கம் எட்ஜ்வுட், வடக்கே சில மைல் தள்ளி அலாமோ ஹைட்ஸ். எட்ஜ்வுட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு மாணவர்கள் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள். 1967-68ஆம் கல்வியாண்டில் அங்கே சொத்து வைத்திருந்தவர், மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் 1 டாலர் 5 சென்ட் பள்ளி வரி கட்டினார். வசதியான அலாமோ ஹைட்ஸ்காரர் கட்டியது 85 சென்ட்.

ஏழை ஊரில் வரி விகிதம் கூடுதல், பணக்கார ஊரில் குறைவு. அப்படியானால் ஏழை ஊர்ப் பள்ளிக்குப் பணம் கூடுதலாக வந்திருக்க வேண்டும் அல்லவா? பள்ளிகளுக்கு நிதி தரும் மாநிலத் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு போக, எட்ஜ்வுட்டில் ஒரு பிள்ளைக்கு மிஞ்சிய உள்ளூர் வரிப்பணம் 26 டாலர். அலாமோ ஹைட்ஸில் 333 டாலர்.

இது எப்படி நடக்கிறது? நமக்கு வீட்டு வரி என்றால் தெருவிளக்கு, சாக்கடை, குப்பை வண்டிதான் நினைவுக்கு வரும். அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வந்துவிடுகிறது. அமெரிக்காவில் பள்ளிச் செலவில் கணிசமான பங்கு சொத்து வரியிலிருந்துதான் போகிறது. அதற்கென்றே பள்ளி மாவட்டம் என்று தனி எல்லை, தனி வாரியம், தனி வரி உண்டு. எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, தொழிற்சாலை எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டி, அதன்மேல் இத்தனை சென்ட் என்று போடுவார்கள். எல்லைக்குள் சொத்து நிறைய இருந்தால் கொஞ்சம் விகிதம் போதும். சொத்து இல்லையென்றால் விகிதத்தை எவ்வளவு ஏற்றினாலும் பாத்திரம் நிரம்பாது.

எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்குச் சராசரியாக இருந்த சொத்து மதிப்பு 5,960 டாலர். அலாமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கு மேல். நீங்களே பெருக்கிப் பாருங்கள். எட்ஜ்வுட்டில் ஒரு பிள்ளைக்கு 62 டாலர் சொச்சம் திரளும், அலாமோ ஹைட்ஸில் 416. அந்த 416ஐ எட்ஜ்வுட்டும் திரட்ட வேண்டுமானால் 100 டாலருக்கு ஏறத்தாழ 7 டாலர் வரி போட வேண்டும். ஆனால் பள்ளியை நடத்தும் செலவுக்கு ஒன்றரை டாலருக்கு மேல் போட டெக்சஸ் சட்டம் இடம் தரவில்லை. அந்த ஊர் மனசு வைத்தாலும் முடியாது என்று எழுதியே வைத்திருந்தார்கள்.

சரி, ஏழை ஊருக்கு மாநிலம் கைகொடுத்திருக்குமே என்று கேட்பீர்கள். மாநிலத் திட்டத்திலிருந்து எட்ஜ்வுட்டுக்கு ஒரு பிள்ளைக்கு 222 டாலர், அலாமோ ஹைட்ஸுக்கு 225. பணக்கார ஊருக்கு 3 டாலர் கூடுதல்! இந்த இடத்தைப் படித்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். பிழை இல்லை. நடுவண் அரசின் உதவியையும் சேர்த்த பிறகு எட்ஜ்வுட் பிள்ளைக்கு 356 டாலர், அலாமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 594.

அந்த எல்லைக்குள் ஏன் சொத்து இல்லாமல் போயிற்று? எட்ஜ்வுட்டில் ஆலைகளோ பெரிய கடைத்தெருக்களோ அதிகம் கிடையாது, சின்னச் சின்ன வீடுகள்தான். நகரத்தின் நல்ல மனைகள் பலவற்றின் பத்திரங்களில், மெக்சிகோக்காரருக்கோ கறுப்பினத்தவருக்கோ விற்கக் கூடாது என்று நிபந்தனை எழுதியிருந்த காலம் ஒன்று உண்டு. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட நிபந்தனைகளுக்கு நீதிமன்றங்கள் துணைபோகக் கூடாது என்றது. ஆனால் அதற்குள் யார் எங்கே குடியிருப்பது என்பது முடிவாகிவிட்டிருந்தது. மனிதர்களைப் பிரித்த கோடும் வரிப்பணத்தைப் பிரித்த கோடும் ஒரே இடத்தில் வந்து விழுந்தன.

1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஏறத்தாழ 400 மாணவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். உடைந்த சன்னல்களைச் சரிசெய்யுங்கள், தகுதிபெற்ற ஆசிரியர்களைப் போடுங்கள் என்று கேட்டார்கள். டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தந்தை, கெல்லி விமானப்படைத் தளத்தில் தகட்டு வேலை பார்த்தவர், மற்றப் பெற்றோரோடு சேர்ந்து அந்த ஆண்டே வழக்குப் போட்டார். 1971இல் கீழ் நீதிமன்றத்தில் வென்றார். 1973 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்ற கணக்கில் தோற்றார். கல்வி என்பது அரசியலமைப்பு உறுதிசெய்த அடிப்படை உரிமை அல்ல, வரி முறையைத் திருத்துவது சட்டமன்றங்களின் வேலை என்று எழுதினார் நீதிபதி பவல். நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மறுத்து எழுதினார். நான் மார்ஷல் பக்கம். ஒரு பிள்ளை எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் பிறந்தது என்பதை வைத்து அதன் வகுப்பறையைத் தீர்மானிப்பதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது.

அடுத்த வழக்கு மாநில நீதிமன்றங்களில் நடந்தது. 1989இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக எட்ஜ்வுட் பக்கம் தீர்ப்பளித்தது. மாநிலத்திலேயே வளமான மாவட்டத்துக்கும் வறிய மாவட்டத்துக்கும் சொத்து வேறுபாடு 700க்கு 1 என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 1993இல் சட்டம் வந்தது: வளமான மாவட்டங்கள் ஓர் அளவுக்கு மேல் திரட்டும் வரியில் ஒரு பங்கை ஏழை மாவட்டங்களுக்காகக் கொடுத்துவிட வேண்டும். பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த கதைநாயகன் பெயரால், ராபின் ஹூட் சட்டம் என்று அதற்கு மக்கள் பெயர் வைத்தார்கள்.

அதிலும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். அதே மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நில மதிப்பு ஏறிக்கொண்டே போனது. மதிப்பை மட்டும் பார்க்கும் சட்டத்தின் கண்ணுக்கு அது வளமான மாவட்டம். ஏழைப் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கும் அந்த மாவட்டம்தான் இன்று மிக அதிகமாகக் கொடுக்கும் மாவட்டங்களில் முன்னால் நிற்கிறது.

ரோட்ரிகஸின் பிள்ளைகள் 1968இல் தொடக்கப் பள்ளியில் இருந்தார்கள். 1989இல் தீர்ப்பு வந்தபோது அவர்கள் பள்ளியை விட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. ரோட்ரிகஸ் 2013இல் காலமானார். அலாமோ ஹைட்ஸும் அந்த வரிப் பங்கைக் கொடுக்கும் மாவட்டங்களில் ஒன்றாகியிருந்தது.