பட்டியலின் இடது பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆளுக்கு ஆள் சம்பளம் ஏன் மாறுகிறது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் பேராசிரியர் இல்லை. மும்பை ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் 1978இல் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து, அப்புறம் சம்பளப் பிரிவுக்கு மாறி, 2016இல் ஓய்வு பெறும்வரை மற்றவர்கள் சம்பளத்தை மாதாமாதம் கணக்குப் போட்டவள். யாருக்கு எவ்வளவு என்று தெரியும், வெளியே சொல்லக்கூடாது. இப்போது சொல்லலாம். கம்பெனி பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

அந்தக் காலத்துச் சம்பளப் பட்டியல் விரித்தால் மேஜையை அடைக்கும். வலது பக்கம் முழுக்க எண்கள்: அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பி.எஃப். பிடித்தம், கையில் வருவது. இடது பக்கம் பெயர், பிரிவு, பதவி, நிரந்தரமா தற்காலிகமா என்ற ஒரு கட்டம். பட்டியலைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நேராக வலது பக்கத்துக்குத்தான் கண்ணை ஓட்டுவார்கள். சில வருடம் ஆன பிறகுதான் எனக்குப் புரிந்தது, வலது பக்கத்தில் இருப்பது வெறும் கூட்டல் கழித்தல். அந்த மனிதருக்கு என்ன கிடைக்கும் என்பது இடது பக்கம் எழுதி முடித்தபோதே முடிவாகிவிட்டது.

நான் பிறந்து வளர்ந்தது தாராவி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். அம்மா வீட்டிலிருந்தே நூல் வெட்டினாள். தைத்து முடித்த சட்டையில் அங்கங்கே நூல் தொங்கும் இல்லையா, அதை வெட்டிச் சுத்தமாக்குகிற வேலை. சாயங்காலம் மூட்டை வரும், காலையில் போய்விட வேண்டும். நானும் தங்கையும் பாதி பிளேடைக் காகிதத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்காருவோம். "ஏட்டி, பிளேடு துணியில படப்பிடாது" என்று அம்மா இருந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பாள். சட்டை கிழிந்தால் அதன் விலை எங்கள் கணக்கில். அதே சட்டையை மிஷினில் தைத்த ஆணுக்கும் பீஸ் ரேட்தான், ஆனால் ரூபாயில். எங்களுக்குப் பைசாவில். அவருக்கு மிஷின் ஓட்டத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது, அதனால் இது நியாயம்தானே என்று கேட்கலாம். அம்மாவுக்கு யாராவது மிஷின் பக்கத்தில் இடம் கொடுத்தார்களா என்பதுதான் என் கேள்வி. தையல் பட்டறைக்குள் பெண்களே கிடையாது அப்போது, எங்கள் சந்தில்.

படிப்பைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. தமிழ்நாட்டிலிருந்து பம்பாய்க்கு ஒரே ரயிலில் ஏறி வந்தவர்கள், இங்கே இறங்கியதும் இரண்டாகப் பிரிந்தார்கள். ஆங்கிலமும் ஷார்ட்ஹேண்டும் கற்று வந்தவர்கள் மாதுங்கா கிழக்கே போய், ஃபோர்ட்டில் ஸ்டெனோ ஆனார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இலேயே அங்கே தொடங்கிவிட்டது. கையை மட்டும் கொண்டு வந்தவர்கள் தண்டவாளத்துக்கு மேற்கே லேபர் கேம்ப்புக்கும் தாராவிக்கும் போனார்கள். நடுவில் ரயில்வேயின் நடைமேம்பாலம், அவ்வளவுதான் தூரம். 1966இல் சிவசேனா தொடங்கிய பிறகு 'மதராசி வேலையைப் பிடுங்குகிறான்' என்று கூச்சல் போட்டபோது இரண்டு பக்கமும் சேர்த்தே திட்டு வாங்கினார்கள். ஆனால் யாருக்கும் வேண்டியிருந்தது தோல் பட்டறை வேலை இல்லை, அந்த ஸ்டெனோ நாற்காலிதான்.

நான் அந்தப் பாலத்தைக் கடந்தவள். முனிசிபல் தமிழ்ப் பள்ளி, அப்புறம் இரவில் டைப்பிங் வகுப்பு. ஷார்ட்ஹேண்டில் நிமிடத்துக்கு 80 வார்த்தை எடுக்க முடிந்ததும் வேலை கிடைத்தது. 120 எடுத்தவளுக்கு என்னைவிட அதிகம். படிப்புக்குச் சம்பளம் கூடும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சாட்சி கிடையாது. சரி, அப்புறம் என்ன ஆனது? 90களில் கம்ப்யூட்டர் வந்தது. எங்கள் விரல் வேகம் கொஞ்சமும் குறையவில்லை; அதன் விலை விழுந்துவிட்டது. ஒருவர் என்ன படித்திருக்கிறார் என்பது பாதிதான். அந்தப் படிப்பு இன்றைக்கு யாருக்கு வேண்டும் என்பது மீதிப் பாதி. தையல்காரரும் மேஸ்திரியும் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் ஒன்று எழுதினார். அசிங்கமான, ஆபத்தான வேலைக்குக் கூலி கூடுதலாக இருக்கும். இல்லாவிட்டால் யார் அதைச் செய்ய வருவார்கள்? தூக்குப் போடுகிறவனுக்கு, வேலையின் அளவைப் பார்த்தால், மற்ற சாதாரணத் தொழில் எல்லாவற்றையும்விடக் கூலி அதிகம் என்று உதாரணம் காட்டினார். அதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மும்பையில் மழைக்கு முன்னால் சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறவருக்குக் கூலி கூடுதலா? குப்பை லாரியின் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவருக்கு? கணக்கு அப்படியே தலைகீழ். ஸ்மித் தப்பாகச் சொல்லவில்லை. பிடிக்காத வேலையை விட்டு வேறு வேலைக்குப் போக முடிந்த ஆளை வைத்துச் சொன்னார். போக வேறு இடமில்லாத ஆளுக்கு எதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

மும்பையில் நாக்கா என்கிற தெருச் சந்திப்புகளில் காலையில் வேலைக்கு நிற்கிறவர்களில் உதவியாளுக்கு 'பிகாரி' என்று பெயர்; பீகார்காரர் என்று அர்த்தமில்லை. கூலியில்லாமல் வாங்கும் வேலைக்கு வடக்கே 'பேகார்' என்பார்கள், அதிலிருந்து வந்த சொல். நாம் மட்டும் என்ன, சோழர் கல்வெட்டில் கூலியில்லா வேலைக்கு 'வெட்டி' என்றுதான் பெயர்.

வேறு இடத்துக்குப் போக முடியாமல் எப்படித் தடுத்தார்கள் என்பதற்குப் பரேலுக்குத்தான் போக வேண்டும், பழைய மில்களுக்கு. மில்லில் நல்ல கூலி நெசவுப் பிரிவில். தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் தார், அதாவது நூல் சுற்றிய சின்னக் குழல், தீர்ந்துபோனால், புதுத் தார் போட்டு, நூல் நுனியை நாடாவின் சின்னத் துவாரம் வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் எத்தனையோ முறை. இன்று ஒருவர் வாய் வைத்த நாடாவில் நாளை இன்னொருவர் வாய் வைப்பார். அதனால் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நெசவுக்குள் வரக்கூடாது என்று மற்ற தொழிலாளிகளே நின்றார்கள். அவர்களுக்கு நூல் நூற்கிற ரிங் ஸ்பின்னிங் போன்ற கூலி குறைந்த பிரிவுகள். 1928இல் பம்பாய் மில்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்த காலத்தில் தொழிற்சங்கத் தலைவர்கள் முன்னால் இந்தப் பேச்சை எடுத்தவர் அம்பேத்கர். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது என்று அவர் 1936இல் எழுதியதற்குப் பின்னால் இந்த நாடாவும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேரி பெக்கர் என்று ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர், 1992இல் நோபல் வாங்கியவர். வெறுப்பின் பேரில் நல்ல ஆளை ஒதுக்குகிற முதலாளி அதற்குத் தன் லாபத்திலிருந்தே விலை கொடுக்கிறார், போட்டி அதிகமானால் அப்படிப்பட்டவர்கள் நிலைக்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. பம்பாயில் டஜன் கணக்கில் மில் முதலாளிகள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டார்கள், ஆனாலும் நெசவுக் கதவு திறக்கவில்லை. ஏனென்றால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது முதலாளி மட்டும் இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் வெறுத்தால் ஆட்கள் தனித்தனியாகப் பிரிந்து போவார்கள் என்று பெக்கரே சொல்கிறார், நடந்தது அதுதான். பட்டியலில் பார்த்தால் குற்றமே தெரியாது. நெசவில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே கூலி, ஸ்பின்னிங்கில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே கூலி. இடது பக்கத்தில் 'பிரிவு' என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

பெண்கள் விஷயத்தில் இதே வித்தையைப் பதவியின் பெயரை வைத்துச் செய்தார்கள். பம்பாயில் ஒரு கப்பல் கம்பெனியில் ஆண் ஸ்டெனோக்களுக்கு ஒரு சம்பளம், 'கான்ஃபிடென்ஷியல் லேடி ஸ்டெனோகிராஃபர்' என்று பெயர் கொடுத்துப் பெண்களுக்குக் குறைந்த சம்பளம். ஆட்ரி டி கோஸ்டா என்ற ஸ்டெனோ வழக்குப் போட்டார். சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுத்தான் நிர்ணயித்தோம், கம்பெனி நிதிநிலை சரியில்லை என்று நிர்வாகம் வாதாடியது. 1987இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்துக்கு முன்னால் ஒப்பந்தமும் நிற்காது, கஜானா காலி என்பதும் நிற்காது என்று சொல்லிவிட்டது. அந்த வாரம் லேடீஸ் கம்பார்ட்மென்டில் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. எங்கள் கம்பெனியில் அடுத்த மாதமே இரண்டு பதவிகளுக்குப் பெயர் மாறியது. சம்பளம் மாறியதா என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டம் ஆண், பெண் வித்தியாசத்தை மட்டும்தான் பார்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதி, மதம் அதில் வரவில்லை.

கட்டிட வேலையில் சட்டம் எட்டுவதற்கு முன்னாலேயே நம் பாஷை வேலையை முடித்துவிடுகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் கலவை சுமக்கிற ஆணுக்குப் பெரியாள் என்றும், பெண்ணுக்குச் சித்தாள் என்றும் பெயர். பெரியாள் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டு நாலு வருடத்தில் கொத்தனார் ஆவார். சித்தாள் பேத்தி எடுத்த பிறகும் சித்தாள்தான்.

அடுத்தது, நிரந்தரமா தற்காலிகமா என்ற கட்டம். எங்கள் மாடியைக் காலையில் இரண்டு பேர் பெருக்குவார்கள். ஒருவர் கம்பெனி ஆள், இன்னொருவர் கான்ட்ராக்ட் ஆள். துடைப்பம் ஒன்று, வராந்தா ஒன்று, பினாயில்கூட ஒரே டப்பா. கம்பெனி ஆளின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மற்றவருக்கு வராது. கான்ட்ராக்டர் பில் என் மேஜைக்கு வரும்; எப்போதும் 19 பேர். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அப்போது 20 பேரிலிருந்து பாய்ந்தது என்பதால் 19. ஒரு முறை எண்ணிப் பார்த்தேன், கட்டிடம் முழுக்க 38 பேர் இருந்தார்கள். கான்ட்ராக்டர் ஒருவர்தான், அவருடைய மச்சினர் பெயரில் இன்னொரு 19. மேலதிகாரிகளிடம் சொன்னேன். கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னார்கள், போட்டேன். மும்பை மாநகராட்சியில் ஒப்பந்தத்தில் குப்பை அள்ளிய 2,700 பேர் வருடக்கணக்கில் வழக்காடி, 2017இல் உச்ச நீதிமன்றத்தில் நிரந்தரம் ஆனபோது, அந்த 38 பேர் நினைவுதான் எனக்கு வந்தது.

கடைசியாகப் பெயர். தமிழர்களுக்கு இந்த ஊரில் இது தனித் தலைவலி. அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் நம் பெயர், அதோடு முடிந்தது நமக்கு. இங்கே படிவத்தில் 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கக்கூடாது. நேர்முகத்தில் "பூரா நாம் க்யா ஹை?", முழுப் பெயர் என்ன என்று கேட்டால், பாதி நேரம் கேட்பது பெயரை இல்லை, சாதியை. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளிதழ் விளம்பரங்களைப் பார்த்து, ஒரே மாதிரிப் படிப்பு போட்ட விண்ணப்பங்களை, உயர்சாதிப் பெயரில், தலித் பெயரில், முஸ்லிம் பெயரில் அனுப்பிப் பார்த்தார்கள். அழைப்பு வர உயர்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. வலது பக்கத்தில் எதுவும் எழுதுவதற்கு முன்னால், பட்டியலில் முதல் கட்டத்திலேயே.

பெயருக்கு அடுத்தது முகவரி. 1978இல் நான் விண்ணப்பத்தில் தாராவி என்று எழுதவில்லை. தாராவியை ஒட்டிய சயானில் இருந்த ஒரு உறவுக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். எங்கள் சந்தில் படித்த எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். ஒரு வீட்டுக்கு ஏழு பேருடைய இன்டர்வியூ கடிதம் வரும். தபால்காரர் கேலி செய்வார்.

போன மாதம் எங்கள் கட்டிடத்துப் பெண் ஒருத்தி போனை எடுத்துக்கொண்டு வந்தாள். பி.காம். முடித்தவள், வேலைக்கு ஆன்லைன் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். "அத்தை, அட்ரஸ் என்ன போட?" என்றாள். இத்தனை நேரம் உங்களிடம் இவ்வளவு பேசுகிறவள், யோசிக்காமல் "சயான்னு போடும்மா" என்றேன். அவள் போட்டாள். அடுத்த கட்டம் பின்கோடு. 400017 என்று தட்டியதும் அந்தப் படிவம் தானாகவே 'தாராவி' என்று காட்டியது. அவள் என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வணக்கம்.