தயிருக்கும் நமக்கும் பொதுவான நாலு

வானொலி கேக்குத எல்லாருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில முப்பது வருஷம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளையளுக்கு உயிரியல் நடத்துனவன், இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியத்தான் எடுத்துட்டு வந்துருக்கேன். உயிருள்ள எல்லா செல்லுலயும் கண்டிப்பா இருக்குறது எது எது? கிளாஸ்ல இதக் கேட்டா முதல் பெஞ்சுல இருந்து கடைசி பெஞ்சு வரைக்கும் ஒரே பதில், "உட்கரு சார்", அதான் டிஎன்ஏவ உள்ள வச்சிருக்குத நியூக்ளியஸ். அடுத்தது மைட்டோகாண்ட்ரியா, செல்லுக்குள்ள சக்தி எடுத்துக் கொடுக்குத உறுப்பு. ரெண்டும் தப்பு. பிள்ளையள குத்தம் சொல்ல முடியாது, செல்லுன்னா நாம முதல்ல காட்டுத படமே நடுவுல பெருசா ஒரு உட்கருவோடதான இருக்கு, மனசுல அதுதான் நிக்கும்.

நேத்து ராத்திரி உங்க வீட்டுல பாலுக்கு உறை ஊத்தி வச்சிருப்பீங்க, காலையில தயிரா இருந்திருக்கும்லா, மாத்துனது பாக்டீரியா. அதுக்கு உட்கருவும் கிடையாது மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது, ஆனா திங்குது, வளருது, ரெண்டா பிரியுது, உயிரோட இருக்கு. அப்ப அந்தத் தயிர் பாக்டீரியாகிட்டயும், தாமிரபரணி படித்துறையில வழுக்குத பாசிகிட்டயும், அம்பாசமுத்திரம் வயல்ல நிக்குத நெல்லுகிட்டயும், நம்மகிட்டயும் சேந்து இருக்குறது என்னன்னு ஒவ்வொண்ணா கழிச்சுப் பாத்தா நாலுதான் மிஞ்சும். சுத்தி ஒரு சவ்வு, உள்ள கூழு மாதிரி சைட்டோபிளாசம், டிஎன்ஏ, ரைபோசோம். செல் சுவர் இதுல வராது, ஏன்னா நம்ம செல்லுக்கு அது இல்ல.

சவ்வுன்னா என்ன, கொழுப்பும் புரோட்டீனும் சேந்த சமாச்சாரந்தான். ரசத்து மேல எண்ணெய் தனியா மிதக்கும் பாத்திருப்பீங்க, தண்ணியோட ஒட்டாது. சவ்வுல உள்ள கொழுப்பு மூலக்கூறுக்கு தலை தண்ணியோட சேரும், வாலு தண்ணியக் கண்டா ஒதுங்கும், அதனால யாரும் அடுக்கி வைக்காமலே ரெண்டு வரிசையா நின்னுக்கிடும், தலையெல்லாம் வெளிப்பக்கம், வாலெல்லாம் நடுவுல ஒளிஞ்சு. கனம் ஏழெட்டு நானோமீட்டர்தான், ஒரு மில்லிமீட்டருக்குள்ள லட்சத்துக்கு மேல அடுக்கலாம். கொதிக்குத ஊத்துல வாழுத ஆர்க்கியாங்குத நுண்ணுயிருக்கு அந்தக் கொழுப்போட கட்டுமானம் கொஞ்சம் வேற, ஆனா சவ்வு இல்லாம அதுவும் இல்ல. சைட்டோபிளாசம் தண்ணியும் உப்பும் புரோட்டீனுமா கலந்து கிடக்குத இடம், டிஎன்ஏ பத்தி உங்களுக்கே தெரியும், பரம்பரையா வர்ற குறிப்பு.

எனக்கு மனசு நிக்குதது ரைபோசோம்லதான், இத பாடத்துல ரெண்டு வரியில தாண்டிப் போயிருதோம், அது எனக்கு ரொம்ப வருத்தம். பத்தமடையில பாய் நெய்யுதத பாத்தவங்களுக்கு ஈசியா புரியும். டிஎன்ஏ டிசைன் நோட்டு. அத அப்படியே தறிகிட்ட கொண்டு போக மாட்டாங்க, ஒரு துண்டுச் சீட்டுல காப்பி எடுத்துக் கொடுப்பாங்க, அது தூது ஆர்என்ஏ. தறிதான் ரைபோசோம். கோரைக்குப் பதிலா 20 வகை அமினோ அமிலம், சீட்ட மூணு மூணு எழுத்தா படிச்சு ஒண்ணு ஒண்ணா கோத்து புரோட்டீன் நெய்யும். எல்லா உயிரும் அந்த எழுத்த கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் படிக்குது, அதான் 1978ல மனுஷ இன்சுலினுக்கான சீட்ட ஒரு பாக்டீரியாகிட்ட கொடுத்தப்ப அது கூசாம நெய்து கொடுத்துச்சு. 1982ல மருந்தாவே வந்துட்டு. இன்னைக்கு நம்ம ஊர்ல சுகருக்கு ஊசி போடுத எத்தனையோ பேர் வீட்டு பிரிட்ஜ்ல இருக்குறது அப்படிச் செஞ்சதுதான், சிலது பாக்டீரியாவுல சிலது ஈஸ்ட்ல.

இந்தத் தறி எப்படி இருக்குன்னு அணு அணுவா கண்டுபிடிச்சதுக்குத்தான் 2009ல நோபல் பரிசு, மூணு பேருக்கு, அதுல ஒருத்தர் சிதம்பரத்துல பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். பெரிய துண்டு ஒண்ணு சின்னத் துண்டு ஒண்ணு, ரெண்டும் சேந்து ஒரு ரைபோசோம். பாக்டீரியாவோடதுக்கும் நம்மளோடதுக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, தொண்டை வலிக்கு டாக்டர் சில நேரம் எழுதுத அசித்ரோமைசின் அந்த வித்தியாசத்தப் பிடிச்சு பாக்டீரியாவோட தறிய மட்டும் நிப்பாட்டும். எல்லார்கிட்டயும் இருக்குறதால சொந்தபந்தம் பாக்கவும் இதுதான் வசதி, 1977ல கார்ல் வோஸ்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி ரைபோசோமுக்குள்ள இருக்குத ஆர்என்ஏவ ஒப்பிட்டுப் பாத்துத்தான் ஆர்க்கியா தனி வம்சம்னு சொன்னாரு. வைரஸுக்கு தறி கிடையாது, அதான் நம்ம செல்லுக்குள்ள புகுந்து நம்ம தறியில அதோட சீட்ட ஓட்டுது.

ஒரு வருஷம் ஒரு பிள்ளை எந்திரிச்சு கேட்டா, "சார், ரத்த சிவப்பணுவுல உட்கருவே இல்லன்னு நடத்துனீங்களே, அதுக்கு நாலும் இருக்கா?" நல்ல கேள்வி. எலும்பு மஜ்ஜையில உருவாகும்போது நாலும் இருக்கும், ஆக்சிஜன பிடிச்சு வைக்குத ஹீமோகுளோபின நெய்து நெய்து நிரப்பிட்டு உட்கருவ வெளிய தள்ளிரும், கொஞ்ச நாள்ல ரைபோசோமும் போயிரும். அதுக்கப்புறம் சவ்வுல ஒரு புரோட்டீன் தேஞ்சாக்கூட புதுசா ஒண்ணு செய்ய வழியில்ல, இருக்குறத வச்சு ஆக்சிஜன சுமந்துட்டு ஒரு 120 நாள் ஓடும், பிறகு மண்ணீரல்ல பிடிச்சு உடைச்சிரும்.