முதுகில் கண்ணாடி, வரி பூஜ்யம்! அமெரிக்காவை ஆட்டிய சோலார் பேனல்

இரண்டு சோலார் பேனல்கள். இரண்டும் வெளிநாட்டுச் சரக்கு, ஒரே அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்குகின்றன. ஒன்றுக்கு 25% கூடுதல் வரி. மற்றதற்கு அந்த வரியில் ஒரு பைசா கிடையாது. என்ன வித்தியாசம்? முதுகு! நிஜமாகவே 2019-இல் நடந்தது இது.

பின்கதையை வேகமாக ஓட்டிவிடுகிறேன். இறக்குமதி திடீரெனப் பெருகி உள்ளூர்த் தொழில் படுத்துவிட்டால், பொதுவாக எந்த நாடு என்று பார்க்காமல் தற்காலிகமாகப் போடுவது பாதுகாப்பு வரி. 2018 பிப்ரவரியில் சோலார் பேனல் இறக்குமதிக்கு அமெரிக்கா இப்படி 30% போட்டது. பிறகு ஆண்டுக்கு 5 புள்ளி குறையும். வரி கேட்டு மனுப் போட்ட சுனிவா என்ற அமெரிக்க சோலார் கம்பெனியில் பெரும்பங்கு ஒரு சீன நிறுவனத்திடம் இருந்தது! சரி, அது தனி வீடியோ.

"எங்கள் சரக்கை விட்டுவிடுங்கள்" என்று அமெரிக்க அரசின் வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அதில் ஒரு நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடித்தது. கம்பெனி, பிராண்டு, நாடு எதையும் சொல்லி விலக்கு கேட்கக் கூடாது. அளவு, வாட், எதனால் செய்தது என்று அங்க அடையாளம் மட்டும்தான். பள்ளிச் சான்றிதழில் 'வலது கன்னத்தில் மச்சம்' என்று எழுதுவார்களே, அதேதான். அப்புறம் என்ன, அந்த மச்சம் உள்ள எல்லோரும் உள்ளே வரலாம்!

2019 ஜூனில் விலக்கு கிடைத்த மச்சம், இருபக்கமும் மின்சாரம் தரும் பேனல். முன்பக்கத்துக்கு நேர் வெயில். பின்பக்கத்துக்குத் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். சுண்ணாம்பு அடித்த மொட்டை மாடியில் மத்தியானம் நின்றால் கண் கூசுமே, அந்த வெளிச்சம்தான். அதனால் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் 5 முதல் 10% மின்சாரம். விலக்குக்கு அதுவே போதும்.

உள்ளூர் உற்பத்தியாளர்கள் பதறினார்கள். பேனலுக்குள் மின்சாரம் தயாரிக்கும் செல்லைக் கொஞ்சம் மாற்றி, பின்பக்கத் தாளுக்குப் பதில் கண்ணாடி வைத்தால் எல்லாப் பேனலும் இப்படி ஆகிவிடுமே! அரசு தடுக்கில் பாய்ந்தால் வியாபாரி கோலத்தில் பாய்வான். பயம் பலித்தது, சில ஆண்டுகளில் இறக்குமதியில் பெரும்பகுதி இந்த ரகம்தான். என்னைக் கேட்டால், அந்த வரியைத் தின்றது விலக்கில் இருந்த ஒரு வரிதான்.

நான்கே மாதத்தில் அரசு விலக்கைத் திரும்பப் பெறப் பார்த்தது, நீதிமன்றம் தடுத்தது, இழுபறி. 2022-இல் பைடன் வரியை நீட்டித்தபோதும் விலக்கு தப்பித்தது. 2024 ஜூனில்தான் போனது.

உங்கள் மாடியில் பேனல் இருக்கிறதா? முதுகில் கண்ணாடியா, தாளா? எட்டிப் பார்த்து கமெண்டில் சொல்லுங்கள். ஏணி பத்திரம்!