பலி முந்தியா, ஆசீர்வாதம் முந்தியா?

[திரையில்: தலைப்பு]

"தேவன் ஆசீர்வதிக்க வேண்டுமென்றால் முதலில் நீங்கள் எதையாவது இழக்க வேண்டும்." இந்தப் பேச்சைக் கேட்காத விசுவாசிகள் குறைவு. கேட்கும்போது நியாயமாகவும் படும். ஆனால் வேதம் இந்த வரிசையில்தான் சொல்கிறதா?

ஆபிரகாமிடமிருந்தே தொடங்குவோம். ஆதியாகமம் 12-ல் அவரை அழைக்கும்போதே தேவன், "நீ ஆசீர்வாதமாய் இருப்பாய்" என்கிறார். அதற்கு முன்பு அவர் ஒரு பலிபீடம் கட்டியதாகக்கூட அங்கே எழுதப்படவில்லை.

[திரையில்: ஆதியாகமம் 15]

15-ம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் ஆபிராம் (ஆபிரகாமின் முந்தைய பெயர்) நடுவாகத் துண்டித்து எதிரெதிரே வைக்கிறார். பறவைகள் அந்த உடல்களின்மேல் வந்து இறங்குகின்றன, அவர் துரத்திக்கொண்டே இருக்கிறார். அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்கிறவர்கள் இப்படிப்பட்ட துண்டங்களின் நடுவே நடந்து போவார்கள். வாக்கை மீறினால் எனக்கும் இந்தக் கதிதான் என்பது அதன் பொருள். எரேமியா 34-லும் இந்த வழக்கம் வருகிறது. ஆனால் இங்கே என்ன நடக்கிறது? சூரியன் சாயும்போது ஆபிராமுக்கு அயர்ந்த நித்திரை வந்துவிடுகிறது. புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும் மட்டும் துண்டங்களின் நடுவே கடந்து போகின்றன. ஆபிராம் நடக்கவே இல்லை. உடன்படிக்கையின் முழுப் பொறுப்பையும் தேவன் தம்மேலேயே எடுத்துக்கொள்கிறார்.

சரி, அப்படியானால் மகன் ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் கொண்டுபோன மோரியா மலை? "நீ இப்படிச் செய்ததினால் ஆசீர்வதிப்பேன்" என்றுதானே 22-ம் அதிகாரம் சொல்கிறது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கீழ்ப்படிதலுக்கு அங்கே உண்மையான மதிப்பு இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. ஆனால் அங்கே உறுதிப்படுவது பல வருடங்களுக்கு முன்பே கொடுத்த வாக்கு. பலியிடச் சொன்ன ஈசாக்கே அந்த வாக்கினால் பிறந்த பிள்ளை. கடைசியில் பலியான ஆட்டுக்கடாவையும் ஆபிரகாம் கொண்டுபோகவில்லை. அது புதரில் சிக்கியிருந்தது. அதனால்தான் அந்த இடத்துக்கு 'யேகோவாயீரே', அதாவது 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று பேர் வைத்தார்.

[திரையில்: எபிரெயர் 10]

புதிய ஏற்பாட்டில் இது இன்னும் தெளிவாகிறது. கிறிஸ்து ஒரேதரம் தம்மைப் பலியாகக் கொடுத்தார் என்று எபிரெயர் நிருபம் அழுத்திச் சொல்கிறது. கத்தோலிக்கர் திருப்பலி என்று சொல்லும்போதும், அது இன்னொரு புதிய பலி அல்ல, அதே சிலுவைப் பலி என்றுதான் அவர்களுடைய போதனை. இதில் சபைகளுக்குள்ளே நீண்ட விவாதம் உண்டு, அதற்குள் இப்போது போகவில்லை. ஆசீர்வாதத்துக்கான விலையை விசுவாசி கட்ட முடியாது, அது கட்டியாயிற்று என்பதில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் சபையார் இரு தரப்பும் நிற்கிறது.

அப்படியென்றால் நாம் எதையும் கொடுக்க வேண்டியதில்லையா? உண்டு, எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும்! ரோமர் 12:1-ல் பவுல், உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்கிறார். ஆனால் எதை வைத்து அதைக் கேட்கிறார்? "தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு." முந்தின 11 அதிகாரங்களும் பேசியது அந்த இரக்கங்களைத்தான். இனிமேல் கிடைக்கப் போகிறதைக் காட்டி அவர் கேட்கவில்லை.

எனக்கு மனது கொதிப்பது இந்த இடத்தில்தான். கடனிலும் வியாதியிலும் தவிக்கிற ஒருவரிடம், "நீங்கள் போட்ட விதை போதாது, இன்னும் பெரிய காணிக்கை கொடுங்கள்" என்று சொல்கிறார்கள். பலன் வராவிட்டால் விசுவாசம் குறைவு என்று பழியும் அவர்மேலேயே விழுகிறது. கிருபையை விற்பனைப் பொருளாக்குவது என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

மாற்கு 12-ல் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். இரண்டு காசில் ஒன்றை அவள் வைத்துக்கொண்டிருக்கலாம், வைத்துக்கொள்ளவில்லை. இயேசு அவளை மெச்சிப் பேசுகிறார். ஆனால் நூறு மடங்கு திரும்ப வரும் என்று அவளுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது நியாயப்பிரமாணத்தைப் போதிக்கிறவர்களை, இயேசு கடிந்துகொண்டார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

[திரையில்: 2 கொரிந்தியர் 8, 9]

அப்புறம், "பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்" என்கிற வசனம். சபைகளிடம் காணிக்கை சேர்க்கும்போது பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது இது. அந்தப் பணம் யாருக்குப் போனது தெரியுமா? எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்கு. கொடுத்தவர்களில் மக்கெதோனியா சபையாரும் உண்டு, அவர்களே கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள். பவுல் அதைத் தனியாகக் கையாளவும் இல்லை. யாரும் குற்றம் சொல்லாதபடிக்கு, சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூடவே வைத்துக்கொண்டார். அறுவடை எதற்கு என்றும் அங்கேயே சொல்கிறார்: இன்னும் அதிகமாக நற்கிரியை செய்வதற்கு.

அடுத்த முறை யாராவது அந்த ஒரு வசனத்தைச் சொல்லிக் காணிக்கை கேட்டால், இந்த இரண்டு அதிகாரங்களையும் முழுதாகப் படித்துவிட்டு, பணம் எந்த ஏழைக்குப் போகிறது, கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். பவுலே அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்திருக்கிறார்.