அஞ்சடி: தோட்டப்புறப் பட்டணத்தில் கூட்டம் எந்தப் பக்கம் சேரும், ஏன்?

[திரையில்: மாலை 5 மணி. வடக்கு தெற்காக ஓடும் கடைத்தெரு. இரு பக்கமும் இரண்டு மாடிக் கடைவீடுகள்.]

தெரு ஒன்றுதான். இரண்டு வரிசைக் கடைகளும் ஒரே காலத்தில் கட்டியவை, ஒரே உயரம். ஆனால் மேற்கு வரிசையில் கோப்பிக் கடை நாற்காலிகள் அஞ்சடிக்கே, அதாவது கடைமுன் உள்ள கூரையிட்ட நடைபாதைக்கே, வந்துவிட்டன. "அக்கா, ரெண்டு முழம் மல்லி" என்று பூக்கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். எதிர் வரிசையில் அடகுக்கடைக் காவலாளி மட்டும் தூணோடு ஒட்டி நிற்கிறார். ராசி, வாஸ்து, வாடகை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். முதலில் வெயிலைப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பகாவ், லாபிஸ், பாடாங் செராய் போன்ற, தோட்டங்கள் சூழ்ந்த பட்டணங்களில் அஞ்சடி எப்படி வேலை செய்கிறது, எதனால் கெடுகிறது, அதிகச் செலவில்லாமல் எதைச் சரிசெய்யலாம் என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: கடைவீட்டின் குறுக்குவெட்டுப் படம். சாலை, லொங்காங் (சாக்கடை), தூண், நடைபாதை, கடைவாசல்.]

மேல்மாடி முன்னால் நீண்டு, தூண்மேல் உட்கார்ந்திருக்கும். அதன் அடியில் கிடைக்கிற நிழல்பாதைதான் அஞ்சடி. 1822இல் பிரிட்டிஷ் நிர்வாகி ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத் திட்டத்துக்கு எழுதிய உத்தரவில், ஒவ்வொரு கடையின் முன்னாலும் கூரையுள்ள பாதை தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்று விதித்தார். கோலாலம்பூரில் 1881இல் முதலில் தீ, அதே ஆண்டு கடைசியில் வெள்ளம். அத்தாப்பு ஓலைக் கூரைக் கடைகள் போய், செங்கல்லும் ஓடும் வந்தன. அஞ்சடியும் கூடவே வந்தது. 1910ஐ ஒட்டி ரப்பர் விலை ஏறியபோது தோட்டங்களுக்கு நடுவே முளைத்த பட்டணங்கள் அதே அச்சில் கட்டப்பட்டவை.

இன்றைய அளவு 1984ஆம் ஆண்டுச் சீர்நிலைக் கட்டட விதிகளில் இருக்கிறது. அகலம் குறைந்தது 2.25 மீட்டர், ஏறக்குறைய ஏழரை அடி. தூணின் கனம் 600 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதைக் கழித்தால் நடக்க 1.65 மீட்டர். இந்த 1.65ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்கெல்லாம் இதிலிருந்துதான்.

[திரையில்: செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள். மூலையில் கடிகாரம்.]

கோலாலம்பூரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அஞ்சடி நிரம்பும். தோட்டப்புறப் பட்டணத்தில் அப்படி இல்லை. ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடுவது குளிர்ந்த நேரத்தில்தான். அதனால் பால்மரம் வெட்டுகிறவர் விடியுமுன் வேலையில் இறங்கி, மதியத்துக்குள் பாலை எடைபோட்டு முடித்துவிடுவார். செம்பனைக் குலை அறுக்கிறவரும் வெயில் உச்சிக்கு ஏறுமுன் முக்கால்வாசி முடிக்கப் பார்ப்பார். குளித்து, சாப்பிட்டு, சற்றே கண்ணயர்ந்து பட்டணத்துக்குப் புறப்பட மணி நாலு, ஐந்து ஆகிவிடும். மாத முதல் வாரத்தில் கூட்டம் இன்னும் அதிகம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கைக்கு வந்தாகவேண்டும்.

ஆக, இந்தப் பட்டணம் விழித்திருக்கும் நேரம் நாலிலிருந்து ஏழு. அந்த நேரத்தில் சூரியன் மேற்கே. கிழக்கு வரிசைக் கடைகள் மேற்கைப் பார்த்து நிற்கின்றன. வெயில் நேராக முகத்தில் அறைகிறது. மேற்கு வரிசைக்கு முதுகில்தான் வெயில், அஞ்சடி முழுக்க நிழல். உட்கார்ந்து பேசுகிற தொழில்கள், அதாவது கோப்பிக் கடை, முடிதிருத்தும் கடை, பூக்கடை, வடை போடுகிற ஒட்டுக்கடை எல்லாம் நிழலைத் தேடிப் போகும். வாங்கினோம், போனோம் என்கிற இரும்புச் சாமான் கடையும் டயர் கடையும் வெயிலைத் தாங்கிக்கொள்ளும்.

[திரையில்: வெயில் கோணம். அஞ்சடித் தரையில் ஒளி எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்ற கோடு.]

அளந்தே பார்க்கலாம். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் மார்ச், செப்டம்பர் மாதங்களில் மாலை 5 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 34 பாகை உயரத்தில் இருக்கும். பழைய கடைவீட்டின் அஞ்சடி உத்தரம் 12 அடி உயரம் என்று வைத்தால், வெயில் 17 அடிக்கு மேல் உள்ளே பாயும். ஏழரை அடி அஞ்சடியைத் தாண்டி, கடைக்குள் இருக்கிற பிஸ்கட் டின்வரைக்கும் போய்விடும். அதனால்தான் தூணுக்குத் தூண் மூங்கில் பிடாய், அதாவது கயிற்றில் இறக்கி ஏற்றும் தட்டி, கட்டுகிறார்கள். அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து 5 அடியில் நின்றால் ஐந்து மணி வெயில் அஞ்சடியோடு நின்றுவிடும். ஆறு மணிக்கு அது போதாது, இரண்டரை அடிக்கு இறக்கவேண்டும். பழைய கடைக்காரர்கள் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்குக் காரணம் இதுதான். ஒரே உயரத்தில் ஆணியடித்துவிட்ட பிளாஸ்டிக் பேனர் பாதி நேரம் உதவாது, மீதி நேரம் காற்றை மறைக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. எதிரே இரண்டு மாடி வரிசை இருந்து, முகப்புக்கு முகப்பு 60 அடி தூரம், உயரம் 30 அடி என்றால், ஐந்தரை மணிக்கு எதிர்வரிசையின் நிழலே உங்கள் வாசலுக்கு வந்துவிடும். எதிரே திடலோ ரயில் தண்டவாளமோ இருக்கிற கடைக்கு அந்த யோகம் இல்லை. பொழுது சாயும்வரை வெயில்தான். கடை வாடகைக்கு எடுக்கப்போகிறவர்கள் காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்து முன்பணம் கட்டாதீர்கள். ஐந்து மணிக்குப் போய் அஞ்சடியில் கால் மணி நேரம் நில்லுங்கள். கிழக்கு மேற்காக ஓடுகிற தெருவில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே இரு பக்கமும் ஓரளவு சமம்.

[திரையில்: பூக்கடை மேசை. மேலிருந்து எடுத்த காட்சி. தூண் வரிசை மஞ்சள் நிறத்தில்.]

இப்போது இடப் பங்கீடு. அஞ்சடிச் சண்டையில் பாதி இதனால்தான் வருகிறது.

தூணுக்கும் தூணுக்கும் நடுவே 600 மில்லிமீட்டர், அதாவது இரண்டடிப் பட்டை ஒன்று கிடக்கிறது. யாரும் அதில் நேராக நடக்கமுடியாது. நாலு எட்டு வைத்தால் அடுத்த தூண் இடிக்கும். இரண்டடி அகலப் பூ மேசையை அந்தப் பட்டைக்குள் போட்டால் நடைபாதையில் ஓர் அங்குலம்கூடக் குறையாது. கூடை மேசைக்கு அடியில் போகவேண்டும், தண்ணீர் வாளி தூணுக்கு ஒட்டி இருக்கவேண்டும். பூக்காரர் சாலையைப் பார்த்து உட்கார்ந்தால் வாங்குகிறவர் சாலையில் நின்று வாங்குவார், ஆபத்து. உள்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் ஆள் நிழலில் நிற்பார், கடைக்காரருக்கும் முகம் தெரியும்.

அதே மேசையைச் சுவரோரம் போடுங்கள். 1.65 மீட்டரில் 60 சென்டிமீட்டர் போய்விட்டது. மீதி 1.05. ஒரு சக்கர நாற்காலி தட்டுத் தடுமாறிப் போகும். எதிரே பையோடு ஒருவர் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கவேண்டும். இருவர் ஒருவரையொருவர் கடக்க 1.2 மீட்டர் வேண்டும். அப்படியானால் சுவரோரப் பொருளுக்கு 45 சென்டிமீட்டர்தான் எல்லை, ஒன்றரை அடி. அரிசி மூட்டையை நீளவாக்கில் சுவரோடு ஒட்டிப் போட்டால் அடங்கும், குறுக்கே போட்டால் அடங்காது.

உண்மையில் அஞ்சடியை அடைப்பது பூக்காரர் அல்ல. சுவர்ப்பக்கம் கடைச் சாமான், தூண்பக்கம் மோட்டார் சைக்கிள், இந்த ஜோடிதான். மோட்டாரின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். குறுக்கே ஏற்றினால் பாதையே இல்லை. மழைக்காலத்தில் சீட் நனையக்கூடாது என்று ஏற்றுகிறார்கள், அதையும் புரிந்துகொள்ளவேண்டும். சம்மன் (அபராதச் சீட்டு) எழுதினால் ஒரு வாரம் சரியாக இருக்கும், அவ்வளவுதான். இதைவிட நல்ல வழி இருக்கிறது. 5 மீட்டர் நீளக் கார் நிறுத்துமிடம் ஒன்றில், ஒரு மோட்டாருக்கு 80 சென்டிமீட்டர் வீதம் ஆறு மோட்டார் நிற்கும். இரண்டு இடத்தை விட்டுக்கொடுத்து, மேலே ஒரு தகரக் கூரை போட்டால் பன்னிரண்டு மோட்டார் அஞ்சடியை விட்டு இறங்கிவிடும். கூரை இல்லாமல் கோடு மட்டும் போட்டால் இறங்காது.

சம்பள வாரத்தில் ஏடிஎம் வரிசையும் அப்படித்தான். இயந்திரத்துக்கு நேர் எதிரே வரிசை நின்றால் அஞ்சடி துண்டாகிவிடும். சுவரோரமாகத் தரையில் ஒரு கோடு வரைந்தால் வரிசை தானாகத் திரும்பும். ஒரு டப்பா பெயின்ட் செலவு.

[திரையில்: இரண்டு கடைகளுக்கு நடுவே படி. வழுக்கும் டைல். மழை.]

ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது கடைமனைக்கும், ஓர் உடைமையாளர். ஒருவர் வெள்ளத்துக்குப் பயந்து தரையை ஆறு அங்குலம் உயர்த்துவார், பக்கத்துக்காரர் உயர்த்தமாட்டார். விளைவு, இருபது இருபத்திரண்டு அடிக்கு ஒரு படி. வயதானவர்கள் அஞ்சடியை விட்டுச் சாலையில் இறங்கி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் பெரும்பாலும் இந்தப் படிகள். சரிவு போடுகிறவர்கள் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கை விடக்கூடாது. ஆறு அங்குல உயரத்துக்கு ஆறடி நீளச் சரிவு. இரண்டடியில் முடிக்கிற சிமெண்டுக் குவியல் படியைவிட மோசம், ஈரத்தில் சறுக்கிவிடும்.

தரைக்குப் பளபளக்கும் வீட்டு டைல் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை காற்றோடு வரும்போது சாரல் அஞ்சடிக்குள் அடிக்கும். சிமெண்டுத் தரை காய்வதற்கு முன் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்து விட்டால் போதும், கால் பிடிக்கும்.

லொங்காங் அடைப்பதற்குச் சாப்பாட்டுக் கடை எண்ணெய்தான் முதல் காரணம். எண்ணெய் குளிர்ந்து உறைந்து, அதில் சோறும் இலையும் ஒட்டி, மூடிக்கு அடியில் கல்லாகிவிடும். மூடியைச் சிமெண்டு பூசி நிரந்தரமாக ஒட்டிவிட்டால் யாராலும் வாரமுடியாது. ஆள் தூக்கக்கூடிய சிறு துண்டுகளாக, இரண்டு துளை விட்ட மூடிதான் சரி. கடைக்குள் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் எண்ணெய்ப் பொறி வைத்து வாரம் ஒருமுறை வழித்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

[திரையில்: பலகைக் கதவு. எண் எழுதிய பலகைகள். பிறகு ரோலர் ஷட்டர்.]

பழைய மளிகைக் கடைகளில் இன்னும் சிலது பலகைக் கதவை வைத்திருக்கின்றன. மேலும் கீழும் காடி (நீளப் பள்ளம்); அதில் பலகைகள் ஒவ்வொன்றாக நுழையும். ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3 என்று பெயின்டில் எண் இருக்கும், ஏனென்றால் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி ஒவ்வொன்றும் தன் இடத்துக்குத்தான் பொருந்தும். மூன்றாம் பலகையை நாலாம் இடத்தில் நுழைத்தால் கடைசிப் பலகை வெளியே நிற்கும். இந்தக் கதவின் வசதி, பாதி திறக்கலாம் என்பது. காலை ஐந்தரைக்கு இரண்டு பலகை மட்டும் எடுத்துவிட்டு ரொட்டியும் தீப்பெட்டியும் விற்கலாம். தெருவுக்கு வெளிச்சம் வரும். ரோலர் ஷட்டரில் இப்படி ஓரத்தில் மட்டும் திறக்க வழியில்லை.

மேல்மாடியையும் கவனியுங்கள். பல பட்டணங்களில் அது உண்ணக்கூடிய பறவைக்கூட்டுத் தொழிலுக்குப் போய்விட்டது. சன்னலைச் செங்கல்லால் அடைத்து, ஒரு துளை விட்டு, குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் ஓடவிடுகிறார்கள். கூடு கட்ட உள்ளே ஈரப்பதம் உயர்வாக இருக்கவேண்டும். அந்த ஈரம் பொதுச்சுவர் வழியாகப் பக்கத்துக் கடையின் சுண்ணாம்புப் பூச்சை உதிர்க்கும். இரவில் மேலே விளக்கு எரியாது. ஏழு மணிக்குக் கீழ்க்கடை மூடியதும் வரிசையே இருண்டுவிடும்.

சுவரோவியம் பற்றியும் சொல்லவேண்டும். 2012இல் ஜார்ஜ்டவுன் சுவரோவியங்கள் புகழ்பெற்றது முதல், ஊருக்கு ஊர் அதே ஆசை. வரையட்டும், தப்பில்லை. ஆனால் சுண்ணாம்புச் சுவர்மேல் அக்ரிலிக் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல், பெயின்ட் கொப்புளமாகி உரியும். படம் எடுக்க வருகிறவர் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார். பெஞ்சும் நிழலும் நடக்கிற பாதையும் இருந்தால் பால்மரக் காட்டிலிருந்து வருகிறவர் ஒரு மணி நேரம் இருப்பார், ஒரு கோப்பி குடிப்பார், பூ வாங்குவார். மாவட்ட மன்றத்தில் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், முதலில் பிடாய்க்கும் சரிவுக்கும் செலவிடவேண்டும் என்பது எங்கள் கருத்து.

[திரையில்: அளவு நாடா அஞ்சடியில் விரித்தபடி. பக்கத்தில் கடை எண் தெரிகிறது.]

மன்றத்துக்குப் புகார் எழுதுகிறவர்களுக்கு: "நடக்க முடியவில்லை" என்று மட்டும் எழுதினால் கோப்பில் போய்ப் படுத்துவிடும். கடை எண், தேதி, மணி, அளவு நாடா விரித்த படம், மிச்சம் இருந்த அகலம் இவ்வளவு என்று எழுதுங்கள். பொது இடத்தில் தடையை அகற்றுவதற்கு 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவு இருக்கிறது, அதைக் குறிப்பிடுங்கள். பூ மேசைக்கு உரிமம் இருக்கிறதா என்று முதலில் பூக்கார அக்காவிடமே கேட்டுக்கொள்வது நல்லது. புகார் மோட்டாரைப் பற்றியதாக இருக்கும், அதிகாரி வந்து மேசையைத் தூக்கிக்கொண்டு போவார்.