கடைசி வீட்டுப் பைப்

வணக்கம் நேயர்களே. என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்ன நிகழ்ச்சிக்காரருக்கு நன்றி சொல்லிப்போட்டு நேரா விசயத்துக்கே வாறன், தந்திருக்கிற நேரம் கொஞ்சம், சொல்ல வேண்டியது நிறையக் கிடக்கு. நான் வன்னிப் பக்கம் 30 வருசத்துக்குக் கிட்ட பி.எச்.ஐ.யா, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரா வேலை செய்தவன், இப்ப பென்சன் எடுத்துக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தையில மகளோட இருக்கிறன். வந்த நாளில இருந்து பிளாட்டில இருக்கிற சனம் லிஃப்டுக்குள்ள கண்டாலும் கேக்கிறது, "ஐயா, கொழும்புப் பைப் தண்ணியைக் குடிக்கலாமோ?" அடுத்தது, "ஸ்கூல் லீவுக்கு ஊருக்குப் போறம், அங்க பைப்பில வாறதைப் பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ?" இண்டைக்கு நான் வந்தது அந்த ரெண்டாவது கேள்விக்காகத்தான்.

கொழும்பைப் பற்றிச் சுருக்கமாச் சொல்லிப்போடுறன். இஞ்ச தண்ணி வாறது லபுகம, களட்டுவாவ எண்ட ரெண்டு நீர்த்தேக்கத்தில இருந்தும், அம்பத்தளையில களனி கங்கையில இருந்து எடுத்துச் சுத்திகரிக்கிற இடத்தில இருந்தும். லபுகம வெள்ளைக்காரன் 1880களில கட்டினது, இண்டைக்கும் அதில இருந்து நாங்கள் குடிக்கிறம். அம்பத்தளை மாதிரி இடங்களில ஆய்வுகூடம் இருக்கு, படிச்ச ஆக்கள் இருக்கினம், இரவு பகலா பார்த்துக்கொண்டு இருப்பினம். சின்ன டவுனில இதுகள் ஒண்டும் கிடையாது, வித்தியாசம் அங்கதான் துவங்குது.

நான் வேலை செய்த ஒரு டவுனைச் சொல்லுறன், பேர் வேண்டாம். வவுனியாவில இருந்து பஸ் ஏறி உள்ளுக்க போகவேணும், ஒரு சந்தி, பத்துப் பதினைஞ்சு கடை, ஒரு பள்ளிக்கூடம், அதுக்குப் பின்னால வயல். ஒரு குழாய்க்கிணறு, ஒரு உயரத் தாங்கி, அதில இருந்து லைன் இழுத்து வீடுகளுக்குக் குடுத்திருந்தவை. ஊர்ச் சனமே கமிட்டி போட்டு நடத்துற திட்டம், இப்படி இலங்கையில ஆயிரக்கணக்கில இருக்கு, நல்ல விசயம்தான், அந்தச் சனம் அதுக்குப் பட்ட பாடு எனக்குத் தெரியும். காலமை ரெண்டு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் தண்ணி விடுவினம். மோட்டர் போடுறது, வால்வு திறக்கிறது, குளோரின் கலக்கிறது எல்லாத்துக்கும் ஒரே ஒரு தம்பிதான்.

ஒரு மாரி முடிஞ்ச கையோட அங்க பிள்ளையளுக்குச் செங்கண்மாரி வரத் துவங்கிச்சு. முதலில ரெண்டு, பிறகு அஞ்சு, பிறகு ஒரே வகுப்பில நாலு. ஆஸ்பத்திரியால தகவல் வந்து நான் போய் தண்ணி எடுத்து, ஐஸ் பெட்டியில வைச்சு, பஸ்ஸில மடியில வைச்சுக்கொண்டு போய் ஆய்வுகூடத்துக்குக் குடுத்தன். ரிசல்ட் கிளீன். மலம் கலந்ததைக் காட்டுற ஈ-கோலை எண்ட கிருமி இல்லை. கமிட்டிக்காரருக்குச் சந்தோசம், எனக்கு நித்திரை இல்லை. ஏனெண்டா தண்ணியால வாற இந்தச் செங்கண்மாரி, ஹெப்படைட்டிஸ் ஏ எண்டுறது, வைரஸ் உடம்புக்குள்ள போய் ரெண்டு கிழமையில இருந்து ஏழு கிழமை வரை எடுத்துத்தான் கண் மஞ்சளாகும், பொதுவா ஒரு மாசம். இண்டைக்குக் கண் மஞ்சளான பிள்ளை போன மாசத்துத் தண்ணியைக் குடிச்ச பிள்ளை. போன மாசத்துத் தண்ணியை நான் எங்க போய்ப் போத்தலில பிடிக்கிறது? அதோட நான் சாம்பிள் எடுத்தது தாங்கிக்குப் பக்கத்துப் பைப்பில, அதுதான் கிட்ட இருந்தது. அந்தப் பிழையை இண்டைக்கும் நினைச்சா மனசு சுடும்.

அடுத்த நாள் குளோரின் பார்க்கிற பெட்டியைக் கொண்டு போனன். அது சின்னப் பெட்டி, ஒரு கண்ணாடிக் குழாய், கலர் அட்டை, டி.பி.டி. எண்டு ஒரு குளிசை. தண்ணியைப் பிடிச்சுக் குளிசையைப் போட்டுக் குலுக்கினா, குளோரின் இருந்தா ரோஸ் நிறம் வரும், கூடக் கூட நிறமும் கூடும், இல்லாட்டி தண்ணி தண்ணியாவே இருக்கும், அவ்வளவுதான், ஏழாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். தாங்கிக்குக் கிட்ட இருந்த வீட்டில நல்ல ரோஸ். அந்த வீட்டு அக்கா, "தண்ணி ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது ஐயா, தேத்தண்ணியும் வாய்க்கு விளங்கயில்லை" எண்டு முறைப்பாடு சொன்னா. நான் லைனோட நடந்து நடந்து போறன், நிறம் குறைஞ்சு குறைஞ்சு வருது. கடைசி வீடு வயலுக்குப் பக்கத்தில பள்ளத்தில. ஒரு ஆச்சி, பேரப்பிள்ளைக்குத்தான் செங்கண்மாரி. ஆச்சி முத்தத்துப் பைப்பைத் திறந்து செம்பில பிடிச்சுத் தந்திட்டுச் சொன்னா, "தம்பி, எங்களுக்கு வாறது நல்ல தண்ணி. ஒரு மணமும் இல்லை பாருங்கோ." நான் குளிசையைப் போட்டுக் குலுக்கிறன், குலுக்கிறன், நிறமே வரயில்லை. கண்ணாடி மாதிரி நிக்குது. ஆச்சி என்ர முகத்தைப் பார்க்கிறா.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்ல வேணும். குளோரின் தண்ணிக்குக் காவலாள் மாதிரி. தாங்கியில போட்டது வழியில அழுக்கோட சண்டை பிடிச்சு மெல்ல மெல்லச் செலவழிஞ்சு போகும், அதால கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரேக்கயும் லீற்றருக்குக் குறைஞ்சது 0.2 மில்லிகிராம் மிச்சம் நிக்கவேணும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மிச்சம் ஒண்டும் இல்லையெண்டா ஒண்டில் போட்டது காணாது, இல்லாட்டி வழியில எங்கேயோ ஊத்தை உள்ளுக்க வருது. அந்த டவுனில ரெண்டும் நடந்திருக்கு. சந்திக்குக் கீழ மதகில லைன் கான் தண்ணிக்குள்ளால, அதாவது கழிவு வாய்க்காலுக்குள்ளால போகுது, மூட்டில வெடிப்பு. தண்ணி ஓடேக்க அழுத்தம் இருக்கு, வெளியில கசியும், உள்ளுக்க ஒண்டும் வராது. தண்ணியை நிப்பாட்டின உடன பள்ளத்து வீட்டுக்காரர் பைப்பைத் திறந்தா லைனுக்குள்ள மிஞ்சிக் கிடக்கிறது கீழ இறங்கும், அந்த இழுவையில வெடிப்புக்கால கான் தண்ணி உள்ளுக்க வரும். இது போதாதெண்டு ரெண்டு வீட்டில லைனிலயே நேர மோட்டர் பூட்டி இழுத்தவை. அது தண்ணியை மட்டும் இழுக்காது பாருங்கோ, மதகுக்குள்ள கிடக்கிறதையும் சேர்த்துத்தான் இழுக்கும். விட்டு விட்டுத் தண்ணி குடுக்கிற எந்த ஊரிலயும் இந்த ஆபத்து இருக்கு.

மற்றது குளோரின் பவுடர். நாங்கள் ரி.சி.எல். எண்டு சொல்லுற வெள்ளைப் பவுடர், கிணத்துக்கும் போடுறது. பம்ப் ஹவுசுக்குள்ள போய்ப் பார்த்தா சாக்கு வாய் திறந்தபடி கிடக்கு, தகரக் கூரை, உள்ளுக்க அடுப்பு மாதிரி வெக்கை. வெக்கையும் ஈரமும் பட்டா அந்தப் பவுடரில குளோரின் பறந்து போயிடும், மிஞ்சிறது சுண்ணாம்பு மாதிரி ஒரு தூள். அந்தத் தம்பி பாவம், ஒவ்வொரு நாளும் அதே ரெண்டு கரண்டியை ஒழுங்காப் போட்டுக்கொண்டுதான் இருந்தவன். சாக்குப் புதிசா உடைச்ச கிழமையில தண்ணி மணக்கும், சனம் ஏசும், பழசானாப் பிறகு மணம் இல்லை, சனம் சந்தோசப்படும். ஒருத்தரும் அவனுக்கு மூடி போட்ட வாளியில வை எண்டு சொல்லிக் குடுக்கயில்லை. பிறகு நாங்கள் வெடிச்ச பைப் மூட்டை மாத்தினம், மதகுக்குள்ளால போன துண்டை மேல தூக்கிப் போட்டம், மோட்டர் ரெண்டையும் கழட்டுவிச்சம், அதுக்கு வந்த சண்டை வேற கதை. சனத்துக்குச் சொன்னது ஒண்டுதான், இதெல்லாம் முடியும் மட்டும் கொதிக்க வைச்சு ஆறின தண்ணியைத் தவிர வேற ஒண்டும் வாயில வைக்காதேங்கோ. கொப்புளம் விட்டுக் கொதிக்கத் துவங்கி ஒரு நிமிசம் காணும், அதுக்கு மேல விறகையும் கேஸையும் எரிக்கத் தேவையில்லை.

ஆனா கொதிக்க வைக்கிறதால போகாத சாமானும் இருக்கு, இதையும் கவனமாக் கேளுங்கோ. வன்னியிலயும் அனுராதபுரப் பக்கமும் கேத்தலுக்குள்ள வெள்ளையா ஒரு படை பிடிக்கும், அது சுண்ணாம்பு, கல்சியம், அதைப் பார்த்துச் சனம் பயப்படுது, அதாலதான் எல்லா வருத்தமும் எண்டு நினைக்குது. கண்ணுக்குத் தெரியாதது புளோரைட். எங்கட நாட்டுத் தரத்தில லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, உலக சுகாதார நிறுவனம் 1.5 எண்டு வைச்சிருக்கு. வெக்கை நாட்டில நாங்கள் கூடுதலாக் குடிக்கிறம், கூடுதலா உள்ளுக்க போகும். பள்ளிக்கூடத்தில பிள்ளையளைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்தா முன் பல்லில பழுப்புக் கறை தெரியும், விளக்கினாலும் போகாது. கொதிக்க வைச்சா தண்ணி ஆவியாகிப் போகப் புளோரைட் அப்படியே நிக்கும், கொஞ்சம் கூடவும் செய்யும். யாழ்ப்பாணத்தில உரத்தாலயும் மலசலகூடக் குழியாலயும் கிணத்தில சேருற நைத்திரேற்றும் அதே கதைதான், கொதிக்க வைச்சுப் போகாது, கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணியில அது கூட இருந்தா பிள்ளை நீலம் பாரிச்சுப் போகும். 1990களில இருந்து வடமத்தியில பேசப்படுற சிறுநீரக நோய்க்கும் தண்ணிக்கும் உள்ள தொடர்பை விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்ஞ்சுகொண்டுதான் இருக்கினம். அதால உங்கட ஊரில குழாய்க்கிணத்துத் தண்ணி எண்டா, ஒருக்காலாவது இரசாயனப் பரிசோதனை செய்து அந்தத் துண்டைக் கையில வைச்சிருங்கோ.

கொழும்புக்காரருக்கும் ஒரு சொல்லு. மீட்டர் வரைக்கும்தான் வாட்டர் போர்ட், ஏதும் குறையெண்டா 1939 எண்ட நம்பருக்குப் போன் அடிக்கலாம். மீட்டருக்கு அங்கால கீழ நிலத்துக்குள்ள இருக்கிற தாங்கி, சம்ப் எண்டுறது, மொட்டைமாடித் தாங்கி எல்லாம் எங்கட பொறுப்பு. நான் இருக்கிற பிளாட்டில மூடியைத் திறந்து பார்த்தனான், அடியில ரெண்டு விரல் உயரத்துக்குச் சேறு, ஒரு பல்லி செத்து மிதக்குது. அம்பத்தளையில அத்தனை பேர் பாடுபட்டு அனுப்பின தண்ணி! ஆறு மாசத்துக்கு ஒருக்கா கழுவுங்கோ, மூடி இறுக்கமா இருக்கோ எண்டு பாருங்கோ, ஓவர்ஃப்ளோ பைப்புக்கு நெற் அடியுங்கோ.

கடைசியா, இஞ்சையும் வெளிநாட்டிலயும் இருக்கிற எங்கட ஆக்களிட்ட ஒரு வேண்டுகோள். ஊருக்குத் தண்ணி குடுக்கிறதெண்டா காசு சேர்த்துக் குழாய்க்கிணறு அடிக்கிறியள், தாங்கி கட்டுறியள், அப்பா அம்மா நினைவா பேரும் எழுதுறியள், மிகவும் நல்ல காரியம். அதோட சேர்த்து அந்தப் பம்ப் தம்பிக்கு மாசச் சம்பளம், மூடி போட்ட ரெண்டு வாளி, வருசத்துக்குக் காணுற பவுடர், ஒரு குளோரின் பெட்டி, குளிசை, இதுக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கோ. தாங்கிக்குச் செலவழிக்கிறதோட பார்த்தா இது சின்னக் காசு. ஊருக்குப் போனா கமிட்டியிட்ட, "கடைசி வீட்டில எப்ப பார்த்தனீங்கள்?" எண்டு கேளுங்கோ. கோபிக்க மாட்டினம், கேக்க ஒரு ஆள் இருக்கெண்டு தெரிஞ்சா அவையும் கவனமா இருப்பினம்.

அந்த டவுனில நான் மாற்றலாகி வரேக்க பம்ப் தம்பிக்கு ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக் குடுத்தனான், திகதி, நேரம், முதல் வீடு, கடைசி வீடு எண்டு கோடு போட்டு. ஆச்சி வீட்டில ரோஸ் வந்த முதல் நாள் அவ என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இப்ப எனக்கும் மணக்குது" எண்டு குறைப்பட்டவ. சுத்தமான குடத்தில பிடிச்சு மெல்லிசு துணியால மூடி இரவு வைச்சிட்டு விடியக் குடியணை, மணம் போயிடும் எண்டு சொன்னன். போன வருசம் போகேக்க பார்த்தன், ஆச்சி இப்ப இல்லை, கொப்பி அஞ்சாவது ஓடுது, கடைசி வீட்டுக் கோட்டுக்குக் கீழ ஆச்சியின்ர பேர்தான் இன்னும் எழுதியிருக்கு.