தலையில் கை வைக்குமுன்

(டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து கம்போடியாவுக்குப் போகும் எங்கள் தமிழ்ச் சபைக் குழுவிடம் பேசியது. அன்றைக்கு வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

பாஸ்டர் ஐயா, அக்காமார், அண்ணன்மார், தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். நான் முதல் தடவை சியம் ரீப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தபோது, விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி முடிகிற நாளில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து ஜெபித்து அனுப்பலாம் என்று முடிவு செய்தோம். நமக்கு அதைவிட இயல்பான காரியம் ஏது? நம் பாட்டிமார் ஆசீர்வதிப்பதும் அப்படித்தான், ஞாயிறு பள்ளி டீச்சர் செய்வதும் அப்படித்தான். மூன்றாவதாக நின்ற பையனுக்கு ஆறு ஏழு வயது இருக்கும். என் கை கிட்டே வந்ததும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். சுவரோரம் நின்றிருந்த அவன் பாட்டியின் முகம் சட்டென்று மாறிவிட்டது. எங்களுக்கு மொழிபெயர்க்க வந்திருந்த உள்ளூர்த் தங்கை என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். பிறகு அவனுடைய உயரத்துக்குக் குனிந்து, தன் கைகளைக் குவித்து, அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தாள். அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றான்.

கம்போடியாவின் பெரும்பான்மையினரான கெமர் மக்களுக்குத் தலை உடம்பிலேயே மதிப்புக்குரிய இடம். வெளியாள் வந்து பிள்ளையின் தலையைத் தொடுவது மரியாதைக் குறைவு. இது ஒன்றும் ரகசியம் இல்லை, கம்போடியா போய் வந்த யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். மூன்று மாதம் உட்கார்ந்து பாட்டு, ஆக்‌ஷன், பொம்மலாட்டம் எல்லாம் பழகிய எங்களுக்கு, இதை ஒருவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்தப் பாட்டியின் முகம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

மாற்கு 10-ஆம் அதிகாரத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறோம். இயேசு பிள்ளைகளை அணைத்து, அவர்கள்மேல் கைகளை வைத்து ஆசீர்வதித்தார் என்பதுதான் நம் மனதில் நிற்கிறது. அதற்குச் சில வரிகள் முன்னால் பாருங்கள். அந்தப் பிள்ளைகளை யாரோ அவரிடம் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்கள் பக்கத்திலேயே நின்றிருப்பார்கள், பிள்ளைகள் அவர்களோடுதான் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கும். கொண்டுவந்தவர்களை அதட்டிய சீஷர்கள்மேல்தான் அவருக்குக் கோபமே வந்தது. நாம் பார்க்கப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் அப்படி ஓர் ஆள் நிற்கிறார். அம்மாவோ பாட்டியோ அண்ணனோ, யாராவது ஒருவர். அவரைத் தாண்டிப் போய்ப் பிள்ளையிடம் ஊழியம் செய்யக்கூடாது. அவர் வழியாகத்தான் போக வேண்டும். இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்தது இதைத்தான், மற்றதெல்லாம் இதற்கான காரணங்கள்.

போன வாரம் ஒரு தம்பி கேட்டார், "அண்ணே, ஒரு நாளாவது அநாதை இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போக மாட்டீர்களா?" மாட்டேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கேட்டவருடைய மனசு நல்ல மனசு.

கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பட்டினியில், நோயில், கொலைக்களத்தில். அப்போது உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைகள் ஏராளம். ஆனால் அது அரை நூற்றாண்டுக்கு முந்தைய கதை. யுத்தம் ஓய்ந்து, நாடு நிமிர்ந்து, சுற்றுலாப் பயணிகள் லட்சக்கணக்கில் அங்கோர் வாட் கோயிலைப் பார்க்க வரத் தொடங்கிய பிறகுதான் அநாதை இல்லங்கள் பெருகின. 2005-க்கும் 2010-க்கும் இடையில் மட்டும் எண்ணிக்கை முக்கால் பங்கு கூடியது. 2015-இல் அரசாங்கமே யுனிசெஃப் உதவியோடு கணக்கெடுத்தபோது, 406 இல்லங்களில் 16,579 பிள்ளைகள் இருந்தார்கள். நாலில் மூன்று பிள்ளைக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள் என்று யுனிசெஃப் சொல்கிறது.

அப்படியென்றால் பிள்ளைகள் ஏன் அங்கே இருந்தார்கள்? வறுமை. அம்மா அப்பா தாய்லாந்துக்குக் கட்டட வேலைக்கோ தோட்ட வேலைக்கோ போய்விடுவார்கள், பாட்டியால் நாலு பேருக்குச் சோறு போட முடியாது. அப்போது ஒருவர் வந்து, பிள்ளையை எங்களிடம் விடுங்கள், மூன்று வேளை சாப்பாடு, இங்கிலீஷ் படிப்பு என்கிறார். எந்தத் தாய் மனசுதான் இளகாது? அங்கே போனால் வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், காணிக்கை கொடுக்கிறார்கள், பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். படுக்கை காலியாக இருந்தால் காணிக்கை வராது. எல்லா இல்லமும் அப்படியில்லை, உயிரைக் கொடுத்து நடத்துகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பத்து நாளைக்கு வந்துபோகிற நம்மால் எது எப்படி என்று கண்டுபிடிக்க முடியாது. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, காணிக்கைக்காகப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதையும் ஆள்கடத்தலாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நானும் போயிருக்கிறேன். இரண்டாவது பயணத்தில், ஓர் இல்லத்துக்கு. வேனை விட்டு இறங்கியதும் நாலு வயதுப் பையன் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான், சாயங்காலம் வரை என்னை விடவே இல்லை. தமிழ்ப் பாட்டு ஒன்றை அவன் காதில் பாடினேன், என் தோளில் எச்சில் வடியத் தூங்கிப்போனான். கர்த்தர் எனக்குக் கொடுத்த பிள்ளை என்றே அன்றைக்கு டைரியில் எழுதினேன். அடுத்த வருடம் போனபோது அவன் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. எங்களுக்கு முன்னால் வந்திறங்கிய வேறொரு குழுவில், முன்பின் தெரியாத ஒருவருடைய காலை அதே மாதிரி கட்டிக்கொண்டிருந்தான். பார்க்கிற அந்நியர் யாராக இருந்தாலும் உடனே ஒட்டிக்கொள்வது, இல்லங்களில் வளரும் பிள்ளைகளிடம் காணப்படுகிற ஒரு காயம் என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். வாரம் ஒருவர் வந்து கொஞ்சிவிட்டுப் போக, அந்தக் காயத்தை ஆழமாக்கினவர்களில் நானும் ஒருத்தன். அவன் அம்மா அதே ஊர்ச் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

உடனே நம் திருநெல்வேலிக்காரர்கள் கேட்பீர்கள், அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்க்கவில்லையா என்று. வளர்த்தார்கள். 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-இல் டோனாவூர் மண்ணிலேயே அடக்கமாகும் வரை ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. அந்தப் பிள்ளைகள் வாராவாரம் புதுசு புதுசாக வருகிறவர்களுக்குக் கையசைத்து விடைகொடுக்க வேண்டியிருக்கவில்லை. நமக்கு இருப்பது பத்து நாள். பத்து நாளில் செய்யக்கூடியதைத்தான் செய்ய வேண்டும்.

சரி, அப்படி என்ன செய்யலாம்? நிறைய இருக்கிறது.

நாம் போகிற கிராமத்துச் சபையில் ஓர் ஆசிரியை இருக்கிறார். அவரை நாங்கள் 'பொங்' என்று கூப்பிடுவோம், அக்காவுக்கும் அண்ணனுக்கும் அங்கே அந்த ஒரே சொல்தான். வருடம் முழுக்க அந்தப் பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை சொல்வதும், எழுத்துக் கூட்டிப் படிக்க வைப்பதும், காய்ச்சல் என்றால் மோட்டார் சைக்கிளில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவதும் அவர்தான். முதல் வருடம் நாங்கள் போய் மேடையைப் பிடித்துக்கொண்டோம், அவர் பின்னால் நின்று பிள்ளைகளை அதட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கதை சொல்லப்போவது அவர். நாம் பாய் விரிப்போம், தண்ணீர் பிடித்து வைப்போம், காகிதம் வெட்டுவோம், அவர் அழைத்தால் முன்னால் போய்ப் பாடுவோம். அங்கே நிறைய அரசுப் பள்ளிகள் இரண்டு ஷிப்டாக, அரை நாள்தான் நடக்கும். காலையில் பள்ளிக்குப் போகிறவர்கள் மத்தியானம் வருவார்கள், மத்தியானம் போகிறவர்கள் காலையில். ஆக ஒரே நிகழ்ச்சியை நாளுக்கு இரண்டு தடவை நடத்த வேண்டும், இரண்டாவது தடவையும் முதல் தடவை மாதிரியே முகம் மலர நடத்த வேண்டும். நாம் போனபிறகு அவர் கொஞ்சம் ஓய்ந்து, கொஞ்சம் தெம்போடு இருந்தால் அதுதான் நம் பலன்.

பரிசுப் பைகள் வேண்டாம் என்று சொன்னதும் சிலருக்கு வருத்தம், தெரியும். நாங்கள் அறுபது பை கொண்டுபோன வருடம் நூற்றுக்கும் மேலே பிள்ளைகள் வந்துவிட்டார்கள், அடுத்த கிராமம் வரை செய்தி போயிருந்தது. இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி நான்கு நாளும் வந்தாள். தம்பி அழுவான் என்று எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவாள், அதனால் பை வாங்குவதிலும் கடைசி. பை தீர்ந்துவிட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வாசலில் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அதனால் கிரேயான், கத்தரிக்கோல், பசை எல்லாம் இனிமேல் சபைப் பெட்டியில் போகும், அது எல்லாருக்கும் பொது. அதையும் முடிந்தவரை அந்த ஊர்க் கடையில் வாங்குவோம். இன்னொன்றும் இருக்கிறது. பொருள் கொடுத்து மதம் மாற்றுவதை அந்த நாட்டு அரசு அனுமதிப்பதில்லை, வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிக்கவும் கூடாது. நாம் தவறினால் நாம் விமானம் ஏறிவிடுவோம், பதில் சொல்ல வேண்டியது அந்தச் சின்னச் சபை.

போனைப் பற்றி ஒரே வார்த்தை. உங்கள் பிள்ளை அரைகுறை உடையோடு குளித்துக்கொண்டிருக்கும்போது வழியில் போகிற ஒருவர் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால் எப்படி இருக்கும்? அதேதான். வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் ஒரு படமும் வேண்டாம். எந்தப் பிள்ளையோடும் தனியாக, மற்றவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கவும் வேண்டாம், எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் சரி.

கடைசியாக, மொழி. 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினபோது அவருக்குத் தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. திண்ணைப்பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். நம்முடைய பிள்ளைகள்தான் அவருக்கு முதல் வகுப்புத் தோழர்கள். இதைக் கம்போடியாவில் நானும் செய்து பார்த்தேன். அதே இடுப்புத் தம்பிப் பெண்ணிடம் நோட்டை நீட்டி, எழுதிக் காட்டு என்றேன். அவள் எழுதத் தொடங்கினதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. க-வில் தொடங்கி ங-வில் முடிகிறது முதல் வரிசை, அடுத்தது ச வரிசை, ஞ-வில் முடிகிறது. அவர்களுடைய எழுத்து நம் பல்லவர் எழுத்திலிருந்து வளர்ந்தது, 611-ஆம் ஆண்டிலேயே கெமர் மொழியில் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். நான் தப்பாக எழுதினபோதெல்லாம் அவள் தம்பியை மடியில் சாய்த்துக்கொண்டு, என் பென்சிலை வாங்கித் திருத்தி, திரும்பவும் எழுது என்று விரலால் காட்டினாள். நான்கு நாளில் அவள் சத்தமாகப் பேசியதை நான் கேட்டது அந்த அரை மணி நேரம்தான்.

அதனால் கிளம்புகிற வரைக்கும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இதே ஹாலில் கெமர் வகுப்பு. எல்லாரும் ஆளுக்கொரு நோட்டு கொண்டுவாருங்கள். இப்போதே எண்களைத் தொடங்கிவிடலாம், பிள்ளைகளோடு எந்த விளையாட்டுக்கும் இது வேண்டும். எனக்குப் பின்னால் சொல்லுங்கள்: முய், பீ, பெய், புவான், பிராம். ஐந்து வரைக்கும் வந்துவிட்டது. ஆறுக்குத் தனிச்சொல் கிடையாது, ஐந்தோடு ஒன்று: பிராம்-முய். ஏழு என்ன, நீங்களே சொல்லுங்கள்.